இருசி – ஒரு சொல்லும் அதன் பின்னால் உள்ள வரலாறும்



எங்கள் எழுமலைப் பக்கம் ஒரு பெண் வயசுக்கு வந்துவிட்டால் தாய்மாமன் சீரோடு ஊரே கூடிவிடும். வயசுக்கே வராத பெண்ணுக்கு? அவளுக்கும் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: ‘இருசி’. சாபம், தோஷம் என்று ஊர் ஆயிரம் காரணம் சொல்லும். மருத்துவ வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

1829-ல் மேயர் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞர், கருப்பையும் பிறப்புறுப்புப் பாதையும் சரியாக உருவாகாத நிலையைப் பதிவு செய்தார். 1838-ல் ரோகிடான்ஸ்கி, 1910-ல் கூஸ்டர், 1961-ல் ஹவுசர் என ஒவ்வொருவராக இதை ஆராய்ந்தார்கள். நால்வர் பெயரும் சேர்ந்துதான் இன்று எம்.ஆர்.கே.எச். என்கிறோம். சுமார் 5000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

காரணம் என்ன? தாயின் வயிற்றில் இருக்கும்போதே முல்லேரியன் குழாய்கள் என்ற இரண்டு குழாய்கள் ஒன்று சேர்ந்து கருப்பையாக வேண்டும். அவை வளராமல் நின்றால் கருப்பை இருக்காது. பாதி மட்டும் இணைந்தால் கருப்பை இரண்டாகப் பிளந்தோ, நடுவில் தடுப்போடோ அமையும். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் வரலாம். பாதை அடைபட்டிருந்தால் மாதவிடாய் ரத்தம் உள்ளேயே தேங்கி மாதாமாதம் வயிற்றுவலி வரும். சிலருக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கும். இதில் அந்தப் பெண்ணின் தவறு எங்கே இருக்கிறது?

இன்னொன்று. எம்.ஆர்.கே.எச். உள்ளவர்களுக்குச் சினைப்பைகள் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் 2014-ல் ஸ்வீடனில், பிறவியிலேயே கருப்பை இல்லாத ஒரு பெண், 61 வயதுத் தோழி தானம் தந்த கருப்பையில் ஆண் குழந்தை பெற்றார். உலகிலேயே முதல்முறை! 2017 மே மாதம் புனேயில், கருப்பையின்றிப் பிறந்த 21 வயதுப் பெண்ணுக்கு அவருடைய அம்மாவின் கருப்பையே பொருத்தப்பட்டது. அதே மருத்துவமனையில் மறுநாள், கருப்பை பழுதுபட்ட வேறொரு பெண்ணுக்கும் மாற்று சிகிச்சை நடந்தது. அவருக்கு 2018 அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. கருப்பை இல்லாதவர்கள் வாடகைத்தாய் முறையை நாட 2021-ன் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் பணத்துக்காகச் செய்யக்கூடாது.

பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வரவில்லையா? குறி கேட்கப் போவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். இந்த நிலையை ஒவ்வொருவராக ஆராய்ந்து விவரிக்க உலகத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. ‘இருசி’ என்ற வசவை விட்டுவிட நமக்கு ஒரு நிமிடம் போதாதா?