ட்ரூயிட்டின் உருமாற்றமும் துணை விலங்கும்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் வரலாறு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடுவது. இதில் ட்ரூயிட் என்பவர் இயற்கையை வழிபடும் பூசாரி, விலங்காக உருமாறக்கூடியவர். ரேஞ்சர் காட்டு வழி அறிந்த வீரர். பிற்காலப் பதிப்புகளில் விலங்கொன்றைத் துணையாக வைத்துக்கொள்வார். இந்த இரண்டு ஆற்றல்களைப் போல அடிக்கடி திருத்தப்பட்ட விதிகள் இவ்விளையாட்டில் குறைவு. ஒரே ஆட்டக்காரர் தானும் கரடியாகி, கூடவே ஓர் ஓநாயையும் ஏவிவிட்டால், பக்கத்தில் வாளுடன் நிற்கும் வீரருக்கு என்ன வேலை மிஞ்சும் என்பதே தொடக்கத்திலிருந்து வந்த சிக்கல்.

ட்ரூயிட் முதலில் எதிரியாகத்தான் வந்தார். 1975இல் வெளியான கிரேஹாக் துணைநூலில் உருமாறும் பகைவர்களாக ட்ரூயிட்கள் இடம்பெற்றனர். ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய வகுப்பாக அவர்களை 1976இன் எல்ட்ரிச் விசார்ட்ரி கொண்டுவந்தது. அவ்வகுப்பை வடிவமைத்தவர் டென்னிஸ் சஸ்டேர். அதே ஆண்டில் அவரும் ஸ்காட் ராபின்சனும் எழுதிய பன்னீஸ் அண்ட் பரோஸ் என்ற விளையாட்டும் வெளியானது. ரிச்சர்ட் ஆடம்ஸின் வாட்டர்ஷிப் டவுன் நாவலைத் தழுவிய அதில் ஆட்டக்காரர்கள் எல்லோருமே முயல்கள். எல்லோரும் முயலாக இருக்கும்போது யார் கை ஓங்கியது என்ற வழக்கே எழவில்லை. மனிதர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் விலங்காகும்போதுதான் தொல்லை.

1978இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதைக் கடிவாளமிட்டு வைத்திருந்தது. ஏழாம் நிலையை எட்டிய ட்ரூயிட் நாளுக்கு மூன்று முறை மாறலாம்: ஊர்வன ஒருமுறை, பறவை ஒருமுறை, பாலூட்டி ஒருமுறை. கருங்கரடியைவிடப் பெரிய பாலூட்டியாக முடியாது. மாறும்போது பட்ட காயத்தில் 10 முதல் 60 விழுக்காடு ஆறும். துணை விலங்குக்குத் தனி அட்டவணை கிடையாது. விலங்கு நட்பு என்ற மந்திரத்தால் அதைப் பழக்க வேண்டும். விதிகள் சுருக்கமாக இருந்ததால் ஐயங்களும் பெருகின. டிராகன் இதழின் 'சேஜ் அட்வைஸ்' பகுதி வாசகர்களின் விதி ஐயங்களுக்கு விடையளித்தது. அதைப் பல ஆண்டுகள் நடத்திய ஸ்கிப் வில்லியம்ஸ், பின்னர் மூன்றாம் பதிப்பின் ஆசிரியர்களுள் ஒருவரானார்.

அந்த மூன்றாம் பதிப்பில்தான் கடிவாளம் அறுந்தது. விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை 2000இல் வெளியிட்டு, 2003இல் 3.5 என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. 3.5இல் துணை விலங்கு முதல் நிலையிலேயே ட்ரூயிட்டின் உரிமையானது. அவருடன் சேர்ந்து அதுவும் வளர அட்டவணை தரப்பட்டது. ஐந்தாம் நிலையில் உருமாற்றம். உருமாறியவருக்கு வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம் மூன்றும் விலங்கினுடையவை. அறிவும் ஞானமும் தம்முடையவை. உடல் மாறி உள்ளம் மாறாதிருப்பது, கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் எண்களால் ஆடும் விளையாட்டில் அதற்கு வேறு விளைவு உண்டு. எப்படியும் விலங்கின் வலிமை வரப்போகிறது என்பதால், ஆட்டக்காரர்கள் மோசமான எண்களை உடல் திறன்களுக்கு ஒதுக்கி, நல்லவற்றை ஞானத்தில் போட்டனர். விலங்கு வடிவிலேயே மந்திரம் சொல்ல விடும் நேச்சுரல் ஸ்பெல் என்ற தனித்திறனும் சேர்ந்துகொண்டது. அதை எடுக்காத ட்ரூயிட்டைக் காண்பது அரிது. ஒரு தெரிவை எல்லோரும் எடுக்கிறார்கள் என்றால் அது தெரிவே அல்ல, விதியின் ஓட்டை.

2006இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2, உருமாற்றம், துணை விலங்கு இரண்டையும் விட்டுக்கொடுத்து எளிய வடிவமாற்றத்தைப் பெறும் மாற்று ட்ரூயிட்டை முன்வைத்தது. பைசோ நிறுவனத்தின் பாத்ஃபைண்டர் 2009இல் இன்னும் நேரான வழியைப் பிடித்தது: விலங்கின் எண்களை வாங்காமல், சொந்த எண்களின்மேல் சிறு கூட்டல் மட்டும். 2008இல் வெளியான நான்காம் பதிப்பின் முதல் நூலில் ட்ரூயிட்டே இல்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது, நினைத்தபோதெல்லாம் மாறலாம், ஆனால் எண்கள் மாறாது என்றானது. சமநிலை கிடைத்தது, கரடிக்கும் ஓநாய்க்கும் இருந்த வேறுபாடு பெரிதும் தோற்றத்தளவில் நின்றுபோனது.

2014இன் ஐந்தாம் பதிப்பில் இரு ஆற்றல்களும் எதிரெதிர்த் திசையில் தவறின. நிலவு வட்டத்தைச் சேர்ந்த ட்ரூயிட் இரண்டாம் நிலையிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடியின் 34 உயிர்ப்புள்ளிகள் அவருடைய சொந்தப் புள்ளிகளுக்கு மேலே கவசம்போல் அமையும். சிறு ஓய்வுக்குள் இருமுறை மாறலாம் என்பதால் 68. அதே நிலை வீரருக்கு இருபதை ஒட்டித்தான் இருக்கும். ரேஞ்சரின் துணை விலங்கோ மறுகோடியில் நின்றது. அது தாக்க வேண்டுமென்றால் ரேஞ்சர் தம் செயலைச் செலவழித்து ஆணையிட வேண்டும். ஆணை வராவிட்டால், எதிரி வெட்டிக்கொண்டிருந்தாலும் ஓநாய் கடிக்காது. ரேஞ்சருக்கும் ஓநாய்க்கும் இரட்டைச் செயல் கிடைத்துவிடக் கூடாது என்பது இதன் காரணம். கணக்கில் நியாயமானது, கதையில் ஒவ்வாதது. ஓநாய் இறந்தால் எட்டு மணி நேரம் செலவிட்டு வேறொன்றைப் பழக்கலாம். ஆட்டக்காரர்கள் பெயரிட்டு வளர்த்த விலங்கு, விதியின் கண்ணில் மாற்றத்தக்க கருவியாக இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பியது ஹோம்ப்ரூ எனப்படும் சொந்த விதிகள். பல மேசைகளில் விலங்கு ஆணையின்றியே தாக்க விடப்பட்டது, அல்லது துணைச்செயலே போதும் என்றானது. ட்ரூயிட் முன்பு கண்ட விலங்காக மட்டுமே மாறலாம் என்ற விதிக்கும், பாலைவனத்தில் பிறந்தவர் துருவக்கரடியை எங்கே கண்டார் என்று அவரவர் தீர்ப்புச் சொன்னார்கள். 2016இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட், இத்தகைய ஆக்கங்களை விற்கவும் வழிசெய்தது. அதே ஆண்டு நிறுவனமே திருத்திய ரேஞ்சரைச் சோதனைக்கு வெளியிட்டது. 2020இன் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் துணைச்செயலால் ஆணையிடும் முறை அதிகாரபூர்வமானது. நிலம், கடல், வானம் என மூன்று பொது விலங்குகள் அதில் தரப்பட்டன. இறந்த விலங்கை ஒரு மணி நேரத்துக்குள் மந்திர ஆற்றலைச் செலவிட்டு மீட்கலாம். அதே விலங்கு திரும்பி வருகிறது என்பது சிறிய திருத்தமாகத் தோன்றினாலும், மேசையில் அமர்ந்திருப்பவருக்குப் பெரியது.

2024 பதிப்பில் உருமாறிய ட்ரூயிட் சொந்த உயிர்ப்புள்ளிகளையே வைத்துக்கொள்கிறார். தம் நிலைக்கு இணையான தற்காலிகப் புள்ளிகளை மட்டும் பெறுகிறார், நிலவு வட்டத்தினருக்கு அது மும்மடங்கு. மாறக்கூடிய வடிவங்களையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும், தொடக்கத்தில் நான்கு.

சொந்த விதி எழுதுவோர் கவனிக்க வேண்டிய சட்டக் கூறு ஒன்றுண்டு. 2023 ஜனவரியில் உரிமம் குறித்து எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறக்கப்பட்டன. பொதுவான உருமாற்ற விதி அதில் இருக்கிறது. நிலவு வட்டமும் ரேஞ்சரின் துணை விலங்கும் இல்லை. ட்ரூயிட்டுக்கு நில வட்டமும் ரேஞ்சருக்கு வேட்டையாளர் பிரிவும் மட்டுமே தரப்பட்டுள்ளன. எனவே அந்த உரிமத்தின்கீழ் துணை விலங்கைப் பற்றி நூல் வெளியிட விரும்புவோர், அதற்கான விதியைத் தாமே புதிதாக எழுத வேண்டியுள்ளது.