ஆச்சிமார் பணம்: மலாயாச் செட்டியார் வணிகத்தில் குடும்பமும் பெண்களும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடத்திய வட்டித் தொழிலைப் பற்றி நம்மிடையே எழுத்துகள் பல உள்ளன. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், கோலாலம்பூரின் லெபோ அம்பாங் ஆகிய இடங்களைப் பற்றியும், அங்கே இயங்கிய கிட்டங்கிகளைப் பற்றியும், அவர்கள் எழுப்பிய கோயில்களைப் பற்றியும் அவற்றில் விரிவாகப் படிக்கிறோம். அவ்வெழுத்துகளில் பெண்களைக் காண்பது அரிது. கடல் கடந்து வந்த தொழிலில் பெண்கள் பங்கு பெறவில்லை, ஊரிலேயே இருந்துவிட்டனர் என்ற ஒரு வரியோடு அச்செய்தி முடிந்துவிடுகிறது.

இவ்வுரையில் நாம் அந்த ஒரு வரியையே ஆராயப் புகுகிறோம். ஊரில் இருந்துவிட்ட பெண்கள் தொழிலுக்குப் புறம்பானவர்களாக இருந்தார்களா? அவர்களுடைய பணம் எங்கே இருந்தது? அவர்களுடைய உழைப்பு எதைத் தாங்கியது? தொழில் வளர்ந்தபோது அவர்களுடைய வாழ்வு எவ்வாறு அமைந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், நகரத்தார் நிறுவனத்தின் வலிமை குடும்பத்தின் வலிமையே என்பதும், அவ்வலிமைக்குரிய விலையில் பெரும்பகுதியைப் பெண்களே செலுத்தினர் என்பதும் தெளிவாகும்.

கிட்டங்கியின் அமைப்பு

நகரத்தார் 1820களிலேயே சிங்கப்பூருக்கு வரத் தொடங்கினர். பினாங்கில் அவர்களுடைய கோயில் 1857இலும், சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் 1859இலும் அமைந்தன. நீண்ட கூடம் போன்ற கிட்டங்கியில் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் சிறிது இடம் இருக்கும். தரையில் விரித்த பாய், தாழ்ந்த சாய்வு மேசை, பணமும் பத்திரங்களும் வைக்கும் மரப்பெட்டி, கணக்குப் பேரேடுகள் ஆகியவையே ஒரு நிறுவனத்தின் தளவாடங்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் ஆட்கள் பணியாற்றினர். பகலில் தொழில் நடந்த கட்டடத்திலேயே இரவில் உறங்கினர். சமையல் பொதுவாக நடந்தது. சீனச் சுரங்க முதலாளிகள், சிறு கடைக்காரர்கள், மலாய் நிலவுடைமையாளர்கள், அரசாங்க எழுத்தர்கள் எனப் பல வகையினர் அங்கே கடன் பெற்றனர்.

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். அவருடைய முகவர் மூன்றாண்டுத் தவணைக்கு இங்கு வருவார். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்னரே அவருடைய குடும்பத்திற்குக் கொடுக்கப்படும். தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்தபின் இலாபத்திற்கேற்ற ஊக்கத்தொகை கிடைக்கும். ஊர் திரும்பிய முகவர் சில காலம் ஓய்வெடுத்து மீண்டும் கப்பலேறுவார். மனைவியும் மக்களும் ஊரிலேயே இருப்பர்.

இவ்வேற்பாட்டிற்கு வழக்கத்தைக் காரணமாகக் கூறுவது எளிது. பெண்கள் கடல் கடப்பதைச் சமூகம் ஏற்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்வழக்கம் தொழிலுக்கும் உதவியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். குடும்பம் இல்லாத கிட்டங்கியில் வீட்டு வாடகை இல்லை. செலவு மிகக் குறைவு. முன்பணத்தில் வாழும் குடும்பம் ஊரில், முதலாளியும் சுற்றத்தாரும் அறிந்த இடத்தில் இருந்ததால், தொலைவில் பெரும்பணத்தைக் கையாண்ட முகவர் நாணயத்தோடு நடந்துகொள்வதற்கு அதுவே ஒரு பிணையாயிற்று. எழுதப்படாத அந்தப் பிணைப் பத்திரத்தில் மனைவியின் பெயரே இருந்தது என்று கூறலாம்.

முதல் எங்கிருந்து வந்தது

ஒரு வட்டி நிறுவனத்தின் உயிர் அதன் முதல். சார்ட்டர்ட் வங்கி போன்ற ஐரோப்பிய வங்கிகளிடம் நகரத்தார் கடன் பெற்றனர். ஒருவரிடம் ஒருவர் வைப்புத்தொகையும் பெற்றனர். ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடித் தமக்குள் நடப்பு வட்டியை முடிவு செய்தனர். இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது குடும்பத்தின் சொந்தப் பணம். அப்பணத்திற்குள் தனித்த பெயரோடு ஒரு பகுதி இருந்தது. அதுவே ஆச்சிமார் பணம்.

திருமணத்தின்போது பெண்ணுக்குப் பெற்றோர் அளித்த சீதனத்தொகை செலவழிப்பதற்கு உரியதன்று. அது ஒரு நிறுவனத்தில், பெரும்பாலும் கணவர் குடும்பத்து நிறுவனத்திலோ தந்தையின் நிறுவனத்திலோ, அப்பெண்ணின் பெயரில் வட்டிக்கு விடப்பட்டது. வட்டியும் முதலோடு சேர்ந்து வளர்ந்தது. பிள்ளைகளின் திருமணம் போன்ற பெருஞ்செலவு வரும்வரை பல ஆண்டுகள் அது தொடப்படாமல் இருந்தது. அவசரமாகத் திரும்பக் கேட்கப்படாத வைப்புத்தொகை எந்த வங்கிக்கும் கிடைத்தற்கரிய பேறு. அந்தப் பேற்றை நகரத்தார் நிறுவனங்களுக்கு அவர்களுடைய வீட்டுப் பெண்களே அளித்தனர்.

இப்பணத்திற்கு ஆவணச் சான்றும் இருந்தது. திருமணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் நகரத்தார்க்கே உரியது. பெண்ணின் பொருள் பெண்ணுக்கே உரியது என்பதை இந்துச் சட்டமும் ஏற்றது. எனினும் உரிமையும் அதிகாரமும் ஒன்றல்ல. பணம் ஆச்சியின் பெயரில் வளர்ந்தது. அது தைப்பிங்கில் ஈயச் சுரங்கத்திற்குப் போகலாமா, மூவாரில் ரப்பர்த் தோட்டத்திற்குப் போகலாமா என்பதை ஆண்களே முடிவு செய்தனர். குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் கிடைத்த பங்கு மகளுக்குக் கிடைக்கவில்லை. சீதனமே அதற்கு ஈடாகக் கருதப்பட்டது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும், இந்தியா முழுவதற்குமாக 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பின்னரே மகளும் பிறப்பால் பங்குதாரர் ஆனார். செட்டியார் வணிகம் இந்நாட்டில் ஓய்ந்து பல்லாண்டுகள் கழித்து வந்த மாற்றம் அது.

வீடு என்னும் நிறுவனம்

ஊரில் இருந்த பெண்களின் உழைப்பையும் நாம் கணக்கில் கொள்ளவேண்டும். செட்டிநாட்டுப் பெருவீட்டில் மணமான மகன்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும், ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கப்படி ஒவ்வொரு தம்பதியர்க்கும் தனி அடுப்பும் தனிக் கணக்கும் உண்டு. ஆண்டுக்குரிய நெல்லும் தொகையும் அளந்து கொடுக்கப்படும். கணவர் கடலுக்கு அப்பால் இருக்க, அந்த அளவிற்குள் குடும்பத்தை நடத்தி, மிச்சம் பிடித்து, அந்தச் சிறுவாட்டுப் பணத்தையும் வட்டிக்கு விட்டவர்கள் பெண்கள். மகள் பிறந்த நாள்முதல் அவளுக்குரிய பாத்திரங்களையும் நகைகளையும் சேர்த்தவர்களும் அவர்களே.

திருமண உறவுகளைப் பேசி முடிப்பதில் மூத்த பெண்களின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஒன்பது கோயில் வகுப்பினருள் ஒரே கோயிலைச் சேர்ந்தோர் பொதுவாக மணவுறவு கொள்வதில்லை. ஆகவே திருமணங்கள் பெரும்பாலும் இரு வேறு கோயிலாரை இணைத்தன. எந்தக் குடும்பம் நம்பத்தக்கது, எங்கே கடன் மிகுந்துள்ளது, எந்தப் பையன் பொறுப்பானவன் என்ற செய்திகள் உறவு வழியே பரவின. இன்றைய வங்கி ஒன்று கடன் கொடுக்குமுன் திரட்டும் தகவல்களுக்கும் இவற்றிற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரு வழக்கம் இங்கே குறிப்பிடத்தக்கது. கோயில் வரிக்காகச் சமூகம் தன்னை எண்ணிக்கொண்ட அலகு ‘புள்ளி’ எனப்பட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. இருவருள் ஒருவர் இறந்தால் அரைப் புள்ளி. கோயில் கணக்கில் குடும்பம் தம்பதியராகவே எண்ணப்பட்டது. நிறுவனத்தின் விலாசத்திலோ ஆண்வழி முன்னோரின் முதலெழுத்துகளே நின்றன. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் விலாசத்தை மட்டும் படித்தனர்; புள்ளிக் கணக்கைப் படிக்கவில்லை.

நலவாழ்வின் கணக்கு

இவ்வளவு சிறப்பாக அமைந்த தொழிலுக்கு ஒரு செலவு இருந்தது. அது பேரேட்டில் ஏறவில்லை. திருமணம் முடிந்த சில மாதங்களில் கணவர் கப்பலேறினால் மூன்றாண்டுகள் கழித்தே முகம் காண முடியும். தந்தையை அறியாமலே குழந்தை நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்ளும். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், எழுதப் படிக்க அறியாத மனைவிக்கு வந்த கடிதத்தை வேறொருவர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இக்கரையில் சிலர் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டனர். அச்செய்தி எட்டியபோதும் எட்டாதபோதும் துன்பம் ஊரில் இருந்தவர்க்கே. கணவரை இழந்த பெண், குடும்பப் பெயரும் சொத்தும் நிலைபெறப் ‘பிள்ளை கூட்டி’க்கொள்ளும்போதும் பங்காளிகளின் இசைவை நாடி நிற்க வேண்டியிருந்தது.

ஆண்களும் நலமாக இருந்தனர் என்று கூற இயலாது. பெட்டியடிப் பையனாக வந்த சிறுவன் தாயைப் பிரிந்து, அயல்நாட்டில், பெரியவர்களின் ஏவலுக்கு நடுவே வளர்ந்தான். மேலாளுக்கும் தனியறை இல்லை. எனினும் ஆணுக்குத் தவணை முடிவில் ஊக்கத்தொகை இருந்தது. அடுத்தாள் மேலாளாகவும், மேலாள் ஒருநாள் முதலாளியாகவும் உயர வழி இருந்தது. ஊரில் காத்திருந்த பெண்ணின் உழைப்புக்கு அத்தகைய படிநிலை எதுவும் இல்லை.

நெருக்கடி வந்தபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. பர்மாவில் மட்டும் நகரத்தார் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாக 1930ஐ ஒட்டி அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கி, அரிசி விலையும் ரப்பர் விலையும் வீழ்ந்தன. கடன் கொடுத்த பணம் நிலமாகத் திரும்பியது, நிலத்தை வாங்குவாரில்லை. மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை அயலார் பிணையாகப் பெறுவதை மலாயா அரசு 1933இல் மேலும் இறுக்கமாகத் தடுத்தது. நிறுவனம் முறிந்தால் வங்கிகள் நீதிமன்றம் சென்றன. ஆச்சிமாருக்கோ, கணவர் மீதும் தந்தை மீதும் வழக்குத் தொடுக்கும் வழி சட்டத்தில் இருந்தாலும் குடும்பத்தில் இல்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் ஊருக்குப் பணம் அனுப்ப இயலவில்லை. இங்கிருந்தோர் உயிரோடு உள்ளனரா என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. கடன் பெற்றோர் பலர் ஜப்பானியர் நோட்டுகளைக் கொடுத்துக் கணக்கை முடித்தனர். போர் முடிந்ததும் அந்நோட்டுகள் மதிப்பற்ற தாளாயின. அந்த ஆண்டுகளில் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் குடும்பங்களைக் காத்த பெண்களின் நிருவாகத் திறனை, தொழில் வரலாறு இன்னும் தொழில் திறனாக ஏற்கவில்லை.

குடும்பம் கடல் கடந்தது

போருக்குப் பின்னரே நகரத்தார் பெண்கள் பரவலாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரத் தொடங்கினர். 1951இல் மலாயாவில் வட்டித் தொழிலுக்கான சட்டம் வந்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றும் முறையை ஏறத்தாழ இயலாததாக்கின. இங்கே தங்குவதா, ஊருக்கே திரும்புவதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தங்கியவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டனர். கிட்டங்கியின் பாயிலிருந்து தனி வீட்டிற்குக் குடியேறினர். பிள்ளைகள் இந்நாட்டுப் பள்ளிகளில் பயின்றனர். மகன்களோடு மகள்களும் பயின்றனர். அடுத்த தலைமுறை மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் அரசுப் பணிக்கும் சென்றது.

குடும்பம் ஒன்று சேர்ந்த அதே காலத்தில் பழைய வட்டித் தொழில் ஓய்ந்தது என்பது தற்செயலன்று. சட்டமும் வங்கிகளின் வளர்ச்சியும் காரணங்களே. ஆனால் பிரிந்து வாழும் குடும்பத்தின் மலிவான உழைப்பையும் பொறுமையான முதலையும் நம்பி எழுந்த தொழில், அக்குடும்பம் சேர்ந்து வாழத் தொடங்கியபோது தன் பழைய வடிவில் நீடிக்க இயலவில்லை. வணிகம் சுருங்கியதை வீழ்ச்சி என்று எழுதுவது வழக்கம். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கணவரைக் கண்ட ஒரு பெண்ணின் மகள், தன் கணவரோடும் மக்களோடும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியதை வீழ்ச்சி என்று நாம் எழுத முடியுமா?

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு இன்றைக்கும் பயன்படும். நம் நாடுகளில் எத்தனையோ தமிழர் கடைகளும் உணவகங்களும் கணவர் பெயரில் பதிவு பெற்று, மனைவியின் நகையை முதலாகக் கொண்டு, அவருடைய ஊதியமில்லா உழைப்பால் நடக்கின்றன. தொழில்முனைவோர் பட்டியலில் ஒரு பெயரே இடம்பெறுகிறது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை உணர ஆச்சிமார் பணத்தின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

அதற்குச் சான்றுகள் வேண்டும். பழைய பேரேடுகள் பழந்தாள் விலைக்குப் போகின்றன. இசைகுடிமானங்களும் சீர் எழுதிய ஏடுகளும் கரையானுக்கு இரையாகின்றன. வணிகப் பேரேட்டைக் காப்போர்கூட, வீட்டுப் பெண்கள் எழுதி வைத்த சாமான் கணக்கை ஒதுக்கிவிடுகின்றனர். அவ்விரண்டும் ஒரே தொழிலின் பற்றும் வரவும் ஆகும். வீட்டில் இத்தகைய ஏடு எதுவும் இருப்பின், அதை எறியாமல் காப்பகத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். போருக்குப் பின் இங்கு வந்த முதல் தலைமுறை ஆச்சிமாருள் இன்று எஞ்சியிருப்போர் சிலரே. கணவரின் தொழிலைப் பற்றி மட்டுமன்றி அவர்களுடைய சொந்தப் பணத்தைப் பற்றியும் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். அக்கேள்வியைக் கேட்பதற்குரிய காலம் குறைவாகவே உள்ளது.