கால விளம்பமும் மேல்முறையீட்டுத் தள்ளுபடியும்

தோற்ற கட்சிக்காரர் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்துவிட்டுத் தாக்கல் செய்யும் மேல்முறையீட்டை, அதன் நியாய அநியாயங்களுக்குள் புகாமலே, காலம் கடந்தது என்ற ஒரே ஹேதுவால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யுமாயின், அது சட்டத்தின் எழுத்துக்கு நீதியைப் பலியிடுவதாகும் என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதம், வென்றவன் ஒருவன் இருக்கிறான் என்பதை மறந்துவிடுகிறது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின்மீது உயர்நீதிமன்றத்துக்கு 90 நாட்களுக்குள்ளும் ஏனைய நீதிமன்றங்களுக்கு 30 நாட்களுக்குள்ளும், தீர்ப்பின் நகல் பெறச் சென்ற காலம் நீங்கலாக, மேல்முறையீடு செய்தல் வேண்டுமென விதித்த 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், எதிர்க்கட்சி ஆக்ஷேபிக்காவிடினும் காலங்கடந்த மேல்முறையீட்டை நீதிமன்றம் தானாகவே தள்ள வேண்டுமென்று தன் 3-ஆம் பிரிவில் கட்டளையிட்டிருப்பது, அவனைக் கருதியும்தான்.

இக்கண்டிப்புக்கு விலக்காக அமைந்தது 5-ஆம் பிரிவு. குறித்த காலத்துள் வராமைக்குப் போதிய காரணம் காட்டுவோரின் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். போதிய காரணம் என்பதற்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் கிருஷ்ணா எதிர் சாத்தப்பன் வழக்கில் கூறியது. 1890-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வெளிவந்த அவ்விதியைப் பிரிவி கவுன்சிலும் 1917-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அசிரத்தையோ, செயலின்மையோ, நல்லெண்ணக் குறைவோ கட்சிக்காரர்மேல் சாராதவிடத்தே அத்தாராளம் உரியது என்னும் நிபந்தனையும் அதே வாக்கியத்தில் உண்டு. பின்னாளில் மனுதாரர்கள் முற்பாதியை மந்திரம்போல் ஓதிப் பிற்பாதியை விழுங்கிவிட்டார்கள். நம் நாட்டுப் பிரமாணப் பத்திரங்களை மட்டும் நம்புவதானால், மேல்முறையீட்டுக்குக் கெடு முடியுந் தறுவாயில் கட்சிக்காரர்களுக்கெல்லாம் தவறாமல் மஞ்சள்காமாலை கண்டு, நாட்டு வைத்தியத்தில் மாதக்கணக்காகப் படுத்துவிடுகிறார்கள் என்றே முடிவு கட்ட நேரும்.

தாமதத்தின் நீளம் எவ்வளவு முக்கியம்? ராம்லால் எதிர் ரேவா நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி வழக்கில் கேள்விக்குள்ளானது ஒரே நாள் தாமதம். கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்கலாகாது, கெடு முடிந்த பின்னர்க் கழிந்த காலத்துக்குச் சமாதானம் சொன்னால் போதும் என்று உச்சநீதிமன்றம் விடையளித்தது. 1998-இல் பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கிலோ, ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரிய மனுவைப் புதுப்பிப்பதில் நேர்ந்த 883 நாள் தாமதத்தையே மன்னித்து, நாட்களின் எண்ணிக்கையன்று, விளக்கத்தின் ஏற்புடைமையே அளவுகோல் என்றது. இக்கொள்கையை நான் மறுக்கவில்லை. எனினும் அதை முழுமையானதாகக் கொள்ள இயலவில்லை. நான்கு நாள் தாமதத்தில் வென்றவனுடைய நிலை மாறுவது அரிது, நான்கு ஆண்டுகளிலோ அவன் தீர்ப்பை நம்பி நிலத்தில் வீடு கட்டியிருப்பான், பாகம் பிரித்திருப்பான், கிரயம் செய்திருப்பான், சாட்சிகளும் மாண்டிருப்பர். நீளம் தன்னளவில் குற்றமன்று. ஆனால் நாட்கள் கூடக் கூட விளக்கத்தின் பாரமும் கூடியே தீர வேண்டும்.

அரசாங்கமே மனுதாரராகும்போது இப்பிரச்சினை வேறு உருக்கொள்கிறது. 1987-இல் அனந்தநாக் நிலமெடுப்புக் கலெக்டரின் வழக்கில் நான்கு நாள் தாமதத்தை மன்னிக்கையில், அரசு இயந்திரத்தின் மந்த கதியையும் கருத வேண்டுமென உச்சநீதிமன்றம் சொன்ன சொல்லை, பிற்பாடு நூற்றுக்கணக்கான நாள் தாமதங்களுக்கு இலாகாக்கள் கேடயமாக்கிக்கொண்டன. 2012-இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2020-இல் 663 நாள் கழித்து வந்த மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கவும் பணித்தது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்பது காரணமாகாது. அது தாமதத்தின் வர்ணனை மட்டுமே.

இம்முடிவுக்குச் சட்டத்திலேயே வலுவான ஆதாரம் உண்டு. அரசுக்குச் சலுகை காட்ட விரும்பிய இடத்தில் சட்டசபை அதை வெளிப்படையாகவே காட்டியிருக்கிறது: அரசு தொடுக்கும் தாவாவுக்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம் 60 ஆண்டுகளும், 1963-ஆம் ஆண்டுச் சட்டம் 30 ஆண்டுகளும் அளித்தன. சிவில் மேல்முறையீட்டுக்கோ குடியானவனுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே கெடுவைத்தான் வைத்தது. சட்டசபை மறுத்த சலுகையை மன்னிப்பு மனுவின் வாயிலாக வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.