ஒரு கணினியிலிருந்து முப்பது கணினிகளுக்கு: இமேஜ் தயாரிக்கும் முறை

ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிக்கூடங்கள், மத்ரஸாக்கள் பலவற்றில் இன்று கணினி அறை இருக்கிறது. நன்கொடையாளர்கள் 20, 30 கணினிகள் வாங்கித் தந்துவிடுகிறார்கள். அவற்றை யார் தயார் செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. இயங்குதளம், அதன் அப்டேட்டுகள், மென்பொருட்கள், தமிழ் மற்றும் அரபு விசைப்பலகைகள், பிரிண்டர் என எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க ஒரு கணினிக்கே அரை நாள் ஆகும். 30 கணினிகளுக்கு 15 நாட்கள்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'இமேஜ்' முறை. ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் வட்டில் உள்ள அனைத்தையும் ஒரு கோப்பாக நகலெடுத்து, மற்றவற்றில் இறக்கிவிடுவது. 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான கோஸ்ட் மென்பொருள் இதைப் பரவலாக்கியது. 1998-ல் அதை சிமான்டெக் நிறுவனம் வாங்கியது.

எல்லாவற்றையும் ஒரே இமேஜில் அடைப்பதில் ஒரு தொல்லை உண்டு. புதிதாக ஒரு அரபு அகராதி சேர்க்க வேண்டுமென்றாலும், வேறு மாடல் கணினி வந்தாலும், முழு இமேஜையும் மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே நிறுவனங்கள் இமேஜைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தன. அடியில் இயங்குதளமும் அப்டேட்டுகளும் மட்டும். ஒவ்வொரு மாடலுக்கும் உரிய டிரைவர்கள் தனியே. மென்பொருட்கள் தனியே. கணினியின் பெயர், பிரிண்டர் போன்ற அமைப்புகள் கடைசியில், ஒரு ஸ்கிரிப்ட் மூலம். இப்படிச் செய்தால் அகராதியைச் சேர்க்க அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த விம் கோப்பு வடிவம் இதற்குப் பெரிதும் உதவியது. ஒரே கோப்புக்குள் பல இமேஜ்களை வைக்கலாம். அவற்றுக்குப் பொதுவான கோப்புகள் ஒருமுறைதான் சேமிக்கப்படும். டிஸ்ம் என்ற கருவியால், கணினியை இயக்காமலேயே அந்த இமேஜுக்குள் டிரைவரைச் சேர்க்கவும் முடியும்.

இனி நாம் முக்கியமாகக் கருதும் விஷயம். மூலக் கணினியில் என்ன இருக்கிறதோ அது 30 கணினிகளுக்கும் போகும். அலுவலகத்தில் பயன்பாட்டில் இருக்கும் கணினியிலேயே இமேஜ் எடுத்தால், மாணவர் சேர்க்கைப் படிவங்கள், ஆதார் நகல்கள், ஜகாத் பெறுவோர் பட்டியல், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் கணினி அறையில் உட்காரும் சிறுவர்கள் கைக்குச் சென்றுவிடும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கோப்புகளை அழித்துவிட்டு எடுத்தாலும் போதாது. வட்டை அப்படியே நகலெடுக்கும் முறையில் அழித்தவற்றின் தடயமும் சேர்ந்து போகலாம். புதிதாக இயங்குதளம் நிறுவிய, யாரும் பயன்படுத்தாத கணினியில்தான் இமேஜ் எடுக்க வேண்டும். விண்டோஸ் என்றால் அதற்கு முன் சிஸ்பிரெப் கருவியை ஜெனரலைஸ் தெரிவுடன் ஓட்ட வேண்டும். அந்தக் கணினிக்கே உரிய அடையாள எண்களை அது நீக்கிவிடும். லினக்ஸில் மெஷின் ஐடி கோப்பைக் காலியாக்க வேண்டும். இல்லையென்றால் சில அமைப்புகளில் இரண்டு கணினிகளுக்கு ஒரே நெட்வொர்க் முகவரி கிடைத்துக் குழப்பம் உண்டாகும்.

அடுத்து உரிமம். கணினியோடு வரும் ஓஇஎம் விண்டோஸ் உரிமம், அதிலிருந்து இமேஜ் எடுத்துப் பல கணினிகளில் இறக்க அனுமதிப்பதில்லை. வால்யூம் உரிமம் வேண்டும். 'கிராக்' போட்ட விண்டோஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988-ல் குவைத்தில் கூடி, எழுத்துரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. தர்மமாக வந்த கணினியில் திருட்டு மென்பொருளை ஏற்றுவது நமக்குச் சரியாகப் படவில்லை. கிராக்கோடு வைரஸும் ஒட்டி வந்தால் அதுவும் 30 கணினிகளுக்கும் பரவும்.

கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது இந்தச் சிக்கலே தேவையில்லை. கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை எடுத்து, பாடங்களுக்கு வேண்டிய மென்பொருட்களைச் சேர்த்து, தனித் தொகுப்பாகப் பள்ளிகளுக்குத் தருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. நன்கொடையாக வரும் பழைய கணினிகளுக்கு லினக்ஸே பொருத்தம் என்பது நமது கருத்து.

இறக்குவதற்கு க்ளோன்சில்லா, ஃபாக் ஆகிய இலவச மென்பொருட்கள் உள்ளன. 20 ஜிபி இமேஜை 30 கணினிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால் 600 ஜிபி நெட்வொர்க்கில் ஓட வேண்டும். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே தடவை அனுப்ப, எல்லாக் கணினிகளும் சேர்ந்து பெற்றுக்கொள்ளும். 100 எம்பி வேக ஸ்விட்சில் இதற்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறையாமல் ஆகும். ஜிகாபிட் ஸ்விட்ச் இருந்தால் சில நிமிடங்கள்தான். முதலில் இரண்டு கணினிகளில் இறக்கி, அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாகச் சேர்ந்து வருகின்றனவா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

இன்னொன்று. இதையெல்லாம் செய்து தரும் இளைஞர் அடுத்த வருடமே துபைக்கோ ரியாதுக்கோ போய்விடுவார். எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது, டிரைவர்கள் எங்கே என்பதைத் தமிழில் எழுதி அலுவலகப் பதிவேட்டில் ஒட்டச் சொல்லுங்கள். நிர்வாகி கடவுச்சொல் மூடிய உறையில் செயலாளரிடமும், இமேஜின் ஒரு பிரதி வெளி ஹார்டுடிஸ்கில் வேறு கட்டடத்திலும் இருக்கட்டும்.