மனிதாபிமானச் சட்ட மையம், பெல்கிரேட்

யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டிருந்த 1992இல், சமூகவியலாளர் நடாஷா காண்டிச் செர்பியத் தலைநகரில் நிறுவிய மனித உரிமை அமைப்பு. சொந்த நாட்டுப் படைகளின் குற்றங்களையும் விடாமல் தோண்டியெடுத்ததால் அவருக்குக் கிடைத்த பட்டம் 'துரோகி'.

மையத்தை உலகறியச் செய்தது ஒரு வீடியோ நாடா. 1995 ஜூலையில், பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் பிடிபட்ட ஆறு பொஸ்னிய முஸ்லிம்களை 'ஸ்கார்பியன்ஸ்' என்ற செர்பியத் துணைப்படை ட்ர்னோவோ அருகே சுட்டுக் கொன்றது. சிலர் பதின்வயதினர். முதலில் நால்வரைச் சுட்டார்கள். மற்ற இருவரின் கட்டை அவிழ்த்து, உடல்களைச் சுமக்கவைத்து, பிறகு அவர்களையும் கொன்றார்கள். படம்பிடித்ததும் கொலையாளிகளின் கூட்டமே. பிரதிகளை அழிக்க உத்தரவிட்டும் ஒன்று தப்பியது. காண்டிச் அதைத் தேடிப் பெற்றார். 2005 ஜூன் 1 அன்று ஹேக் நகரில், செர்பிய முன்னாள் அதிபர் மிலோஷெவிச்சின் போர்க்குற்ற வழக்கில் அது திரையிடப்பட்டது. செர்பியத் தொலைக்காட்சிகளும் ஒளிபரப்பின. 2007இல் பெல்கிரேட் நீதிமன்றம் அந்தத் துணைப்படையினர் நால்வருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வளவு பரபரப்பில்லாவிட்டாலும், மையத்தின் ஆகப்பெரிய உழைப்பு கொசோவோ நினைவுநூல்தான். கொசோவோ போரில் இறந்தவர்கள் பற்றி ஆளுக்கோர் எண்ணிக்கை சொல்லி அரசியல்வாதிகள் வாதாடிக்கொண்டிருந்தபோது, சாட்சியங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டு ஒவ்வொரு பெயராக உறுதிசெய்தார்கள். 1998 முதல் 2000 வரை கொல்லப்பட்ட, காணாமற்போன 13,535 பேர் பதிவாகியுள்ளனர்: அல்பேனியர், செர்பியர், ரோமா மக்கள், பொதுமக்களோடு ஆயுதம் ஏந்தியவர்களும்.