ரீ-டேக் ஆஃப் அம்ரிதா

ரீ-டேக் ஆஃப் அம்ரிதா என்பது இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் (1943–2023) 2001, 2002 ஆண்டுகளில் உருவாக்கிய கருப்பு-வெள்ளை எண்ணிம ஒட்டுப்படங்களின் வரிசை. தாத்தா உம்ராவ் சிங் ஷேர்-கில் (1870–1954) பல பத்தாண்டுகளாக எடுத்துச் சேர்த்திருந்த குடும்பப் படங்களைக் கணினியில் ஏற்றி, உருவங்களை வெட்டி எடுத்து, வேறு வேறு காலத்தவற்றை ஒரே சட்டத்துக்குள் இணைத்தார் சுந்தரம். வரிசையின் நடுநாயகம் அவருடைய பெரியம்மா, ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் (1913–1941).

அம்ரிதா 28 வயதில் லாகூரில் இறந்தார். விவான் பிறந்தது அதற்குப் பிறகு. பெரியம்மாவை அவர் கண்ணால் கண்டதே இல்லை. வீட்டில் இருந்த ஓவியங்களும் கடிதங்களும் தாத்தா எடுத்த படங்களும்தான் அவருக்குக் கிடைத்த அம்ரிதா. இதை மனத்தில் கொண்டு பார்க்கும்போதுதான் இந்த ஒட்டுவேலை எதற்காக என்று புரிகிறது.

உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீத்தியா குடும்பத்தைச் சேர்ந்தவர்; சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். மனைவி மரி அந்துவானெத் ஹங்கேரியர், இசை பயின்றவர். அம்ரிதாவும் தங்கை இந்திராவும் பூடாபெஸ்டில் பிறந்தார்கள். 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1929இல் பாரிஸுக்குப் போனது. போன இடமெல்லாம் உம்ராவ் சிங்கின் கேமராவும் போனது. மகள்களை எடுத்ததைப் போலவே தன்னையும் சலிக்காமல் எடுத்துக்கொண்டார்: தலைப்பாகையோடு, புத்தகங்களுக்கு நடுவே, நோன்பிருந்து மெலிந்த வெற்றுடம்போடு. நிலைக்கண்ணாடிகள் அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வரும்.

சுந்தரத்தின் தாய் இந்திரா; தந்தை இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர் கே. வி. கே. சுந்தரம். இந்தக் குடும்பக் கதையை அவர் மூன்று முறை கையில் எடுத்தார். முதலில் 1983–84இல் ‘ஷேர்-கில் குடும்பம்’ என்ற எண்ணெய்வண்ண ஓவியம். 1995இல் ‘ஷேர்-கில் ஆவணக்காப்பகம்’ என்ற நிர்மாணக்கலைப் படைப்பு. மூன்றாவதற்குத் தூரிகை தேவைப்படவில்லை. போட்டோஷாப் போன்ற மென்பொருள் போதுமானதாக இருந்தது. சினிமாவில் ஒரே காட்சியை மறுபடி எடுப்பதற்கு நாம் சொல்லும் ‘ரீ-டேக்’தான் தலைப்பில் இருப்பதும். தாத்தா எடுத்த காட்சியைப் பேரன் மறுபடி எடுக்கிறார், கேமரா இல்லாமல்.

இவ்வகை வேலையில் ஒவ்வொரு உருவமும் தனித்தனி அடுக்காக இருக்கும். ஓரத்தை வெட்டுவது எளிது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, நிழல் எவ்வளவு நீளம், பழைய நெகடிவின் துகள் எவ்வளவு கரடு என்பனவற்றைப் பொருத்துவதுதான் கடினம். பூடாபெஸ்ட் அறையின் மங்கலும் சிம்லா வெயிலும் ஒன்றாகச் சேர வேண்டும். சுந்தரம் சேர்க்கிறார், ஆனால் தையலை முழுக்க மறைப்பதில்லை. சிறுமியும் அவளே வளர்ந்த பெண்ணும், முதியவரும் அவருடைய இளமையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இது நடந்ததல்ல என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘டூ கேர்ள்ஸ்’ என்பது அம்ரிதா 1939இல் வரைந்த ஓவியம். வரிசையில் உள்ள ‘சிஸ்டர்ஸ் வித் டூ கேர்ள்ஸ்’ என்ற படம் அந்த ஓவியத்தையும் சகோதரிகளையும் ஒன்றாக வைக்கிறது.

ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ (1999) என்ற படம் இதற்கு நேர் எதிர். ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த கட்டடத்தையும் நடந்துபோனவர்களையும் கணினியில் அழித்து, புல்லும் நீரும் வானமுமாக வெறும் பட்டைகளை அவர் மிச்சம் வைத்தார். அழித்த தடம் கண்ணுக்குத் தெரியாது. 2011இல் நியூயார்க் ஏலத்தில் அது 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. குர்ஸ்கி கழித்தார், சுந்தரம் கூட்டினார். கூட்டல்தான் பழையது: 1857இலேயே ஆஸ்கர் ரைலாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் இறந்துபோன தாத்தாவைப் பாட்டியின் பக்கத்தில் ஒட்டிச் சட்டமிட்டுத் தந்திருக்கிறார்கள். சுந்தரத்தின் வரிசை இந்த வீட்டுவழக்கத்துக்கு நெருங்கிய உறவு என்றே சொல்ல வேண்டும். இழந்தவரைக் கூட்டத்துக்குள் அழைத்துவரும் அதே ஆசைதான் இங்கும். ஆனால் இங்கே குடும்பத்தின் இறுக்கங்களும் கூடவே வருகின்றன: மகளையே பார்த்துக்கொண்டிருக்கும் தந்தை, ஒதுங்கி நிற்கும் தாய், அக்காவின் புகழுக்குப் பக்கத்தில் தங்கை.

ஒட்டுப்படங்கள் பேசப்பட்டதால் மூலப் படங்களின் மீதும் பார்வை திரும்பியது. உம்ராவ் சிங்கின் ஒளிப்படங்கள், வெட்டாமல் ஒட்டாமல், 2008இல் தனி நூலாக வெளிவந்தன.