கணினிக் கொத்தும் காத்திருக்கும் வரிசையும்

பல மலர்கள் ஒரு காம்பிற் செறிந்து நிற்பதைக் கொத்து என்பது தமிழ் வழக்கு. பல கணினிகளை ஒரு வலையாற் பிணித்து ஒரே கணக்கில் ஏவும் அமைப்பிற்குக் கணினிக் கொத்து என்னும் பெயர் பொருந்துவது இதனாலேயாம். பல்கலைக்கழகத்தில் இதனை முதன்முறை அணுகும் மாணவர் சில விதிகளை எதிர்கொள்கின்றனர். வாயிற்கணினி வழியே நுழைதல் வேண்டும்; ஆங்குப் பெருங்கணக்கை ஓட்டுதல் கூடாது; வேண்டிய செயலிகளின் தொகையையும் நேரத்தையும் எழுதி வரிசையில் இட்டுக் காத்திருத்தல் வேண்டும். இவ்விதிகளின் வரலாற்றை அறிந்தார்க்கு இவை சுமையாகத் தோன்றா.

வரிசை முறை கொத்தினும் மூத்தது. 1969இல் மலேசிய நாட்டின் இரண்டாம் பல்கலைக்கழகம் பினாங்கில் தோன்றிய காலத்தில், பெருங்கணினி ஒன்று அறை முழுவதையும் அடைத்து நின்றது. ஆராய்ச்சியாளர் துளையிட்ட அட்டைக் கட்டினைச் சாளரத்திற் கொடுத்துச் செல்வர். இயக்குநர் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார். விடை பின்னர் அச்சுத்தாளில் வரும். 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370/155 இத்தலைமுறையைச் சார்ந்ததே. இன்றைய மாணவர் எழுதும் பணி ஆணை அவ்வட்டைக் கட்டின் வழித்தோன்றல். வரிசையை ஆளும் மென்பொருள் அவ்வியக்குநரின் வழித்தோன்றல்.

கொத்தினைத் தோற்றுவித்தது பொருட்குறையும் மறுப்புமாம். 1980களில் இந்தியா விரும்பிய ஆற்றல்மிக்க கிரே கணினியை விற்க அமெரிக்கா இசையவில்லை. 1988இல் புனேயில் சீ-டாக் நிறுவனம் எழுந்தது. விஜய் பட்கர் தலைமையில் சிறு செயலிகள் பலவற்றை இணைத்து 1991இல் பரம் 8000 உருவாயிற்று. 1994இல் அமெரிக்க நாசாவின் காடர்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் கடையிற் கிடைக்கும் 16 செயலிகளைப் பிணித்துப் பேவுல்ஃப் என்னும் கொத்தினை அமைத்தனர். அதன்பின் எளிய ஆய்வுக்கூடங்களும் பெருங்கணிப்பைக் கனவு காணலாயின. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளைக் கோத்துச் சமைத்த கப்ரு, 2004 சூன் மாதத்தில் உலகின் முதல் 500 கணினிகளின் வரிசையில் இடம்பெற்றது.

கப்ருவின் செயலிகள் இன்டெல் நிறுவனத்தின் ஸியான் வகையின. அந்நிறுவனம் கடல்கடந்து தன் முதல் தொழிற்சாலையை நிறுவியது 1972இல், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரத்திலாகும். சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் தொழில் ஆங்கு வளர்ந்தது. சில்லு மலிந்ததனாலேயே கொத்து பிறந்தது என்பதை நோக்கின், இவ்வரலாற்றிற்குப் பினாங்கு அயலூர் அன்று.

ஆயினும் செயலியைப் பெருக்கினால் விரைவு அதே அளவிற் பெருகும் என்று கருதுதல் பிழை. 1967இல் ஜீன் அம்டால் இதனை விளக்கினார். ஒரு செயலி 100 மணி நேரம் செய்யும் கணக்கில், 5 மணி நேரப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழவேண்டுவது எனக் கொள்க. எஞ்சிய 95 மணியை ஆயிரம் செயலிகளுக்குப் பகிர்ந்தாலும், முழுக்கணக்கு 5 மணிக்குள் முடியாது. விரைவு 20 மடங்கை எட்டாது.

ஆதலின் தொடங்குவோர் முதலிற் சிறு கணக்கைச் சில செயலிகளில் ஓட்டி, நேரத்தை அளந்து, பின்னரே தேவையைக் கூறுதல் முறை. மிகைபடக் கேட்பவர் தாமும் நெடிது காத்திருப்பர். பிறர் முறையையும் வீணே கவர்வர். தனியொருவரால் வாங்கவியலாத ஆற்றலைப் பலர் பகிர்ந்து பெறுவதே கொத்தின் பயன். அப்பயனைக் காப்பது வரிசையேயாம்.